ஒத்தப் பதில் அண்ணாச்சி பெண் பார்க்கப் போனது

தென்காசிக்கு ரயில் வந்த நாளிலிருந்து அந்த ஸ்டேஷனில் இறங்கியவர்களில், ஒத்தப் பதில் அண்ணாச்சிக்கு ஈடான கிறுக்கர் ஒருவரும் கிடையாது. அவரோடு ஒரே அறையில் வருஷக்கணக்கில் குடியிருந்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நாங்கள் இருவரும் ஒரே தாலுகா கச்சேரியில் குமாஸ்தாக்கள். காலேஜில் படித்த கணக்கில் அண்ணாச்சி மண்டையில் தங்கியது ஃபங்ஷன், அதாவது சார்பு, என்ற பாடம் ஒன்றுதான். ஒன்றைச் சொன்னால் அதற்கு ஒரே ஒரு பதில் வரவேண்டும். இரண்டு வந்தால் அந்தச் சம்பந்தம் செல்லாது. இதை வைத்துக்கொண்டு ஊரைப் பாடாய்ப் படுத்தினார்.

சாரல் அடிக்கிறது, குற்றாலத்தில் தண்ணீர் விழும் என்று அவர் காதுபட யாரும் சொல்லக் கூடாது.

"போன வாரமும் இதே சாரல்தான், பாறைகூட நனையல. இன்னைக்குக் கிட்ட நிக்க முடியல. ஒரே சாரலுக்கு ரெண்டு தண்ணியா? செல்லாதுவே."

அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிறவர் ஒருநாள், "எடைக்குத் தக்கன எண்ணெய், அண்ணாச்சி" என்று சொல்லி மாட்டிக்கொண்டார். நானும் அண்ணாச்சியும் ஒரே எடை. விறகுக்கடைத் தராசில் என்னையும் ஏற்றிப் பார்த்த மனிதர் அவர். ஆனால் எனக்கு அரைக் கிண்ணம், அவருக்கு முழுக் கிண்ணம் செலவாயிற்று.

"ஒரே எடைக்கு ரெண்டு அளவாவே?"

"ஒங்க ஒடம்பெல்லாம் முடில்லா. அது குடிக்குது."

"அப்போ எடையையும் முடியையும் சேத்துச் சொல்லும். அப்பத்தான் செல்லும்."

அதற்குப் பிறகு எங்களைக் கண்டால் அந்த ஆள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பாறைக்குப் பின்னால் போய்விடுவார்.

இத்தனைக்கும் அண்ணாச்சிக்குக் கல்யாண ஆசை நிறைய இருந்தது. முன்மண்டை வழுக்கையாகிக்கொண்டு வந்தது. மிச்சமிருந்த முடியைக் கண்ணாடி முன் நின்று வெகுநேரம் வாருவார். எனக்குப் பாவமாக இருக்கும். வந்த வரன்களெல்லாம் ஜாதகத்தில் முட்டி நின்றன. செங்கோட்டையில் பெண் பார்க்கப் போனபோதும் அதே கதைதான்.

"பொருத்தம் பிரமாதம்" என்றார் பெண்ணின் தகப்பனார்.

"எங்க தெருவுல ஒரே நேரத்துல ரெண்டு வீட்டுல பிள்ளை பொறந்துது. ஒருத்தன் வக்கீல், ஒருத்தன் சாமியார். ஒரே நேரத்துக்கு ரெண்டு வாழ்க்கை. ஜாதகம் செல்லாது."

தகப்பனார் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். இதுவும் போச்சு என்று நான் செருப்பைத் தேடினேன். அப்போது உள்ளே இருந்த பெண் கதவோரம் வந்தாள்.

"பாத்த பொண்ணுக்கெல்லாம் செல்லாதுன்னு ஒரே பதில் சொன்னீயளாமே. அது மட்டும் செல்லுமா?"

அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "செல்லும். பல பேருக்கு ஒரே பதில் இருக்கலாம். ஒரே ஆளுக்கு ரெண்டு பதில்தான் கூடாது."

"அப்போ எனக்கும் ஒரே பதில்தான். யோசிச்சுச் சொல்லுங்க. பெறகு மாத்தக் கூடாது."

அண்ணாச்சி வாயில் போட்ட முறுக்கு கடிபடாமல் நின்றது. கடைசியில் மெல்லச் சொன்னார்:

"ஜாதகம் செல்லாது. பொண்ணு சம்மதம்."

கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் அவர் வீட்டில் சாப்பிட்டேன். சாம்பாரில் உப்பு கரித்தது. முந்தின வாரம் உப்பே இல்லை. "அதே கரண்டி உப்புதான் போட்டேன்" என்று மதினி சத்தியம் செய்தார்கள். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன்.

"பேசாம சாப்பிடுலே" என்றார்.

அண்ணாச்சி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. சாரல் அடித்தாலும், வெயில் கொளுத்தினாலும், சாம்பாரில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் எனக்கு அவர் ஒருத்தர் முகம்தான் ஞாபகம் வருகிறது. அவர் கணக்குப்படி இது செல்லும்.