சங்கதி அண்ணன் சொன்ன பாட்டுப் படம்

இங்கிலீஷ் தெரியாமலேயே இங்கிலீஷ் படத்துக்கு ஒரு ஊரையே அழ வைத்த மனிதர், எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவர்தான். அவர் காரைக்குடியில் இருந்தார். செக்காலைப் பக்கம் ஒரு டாக்கீஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. 'சங்கதி என்னன்னா' என்று ஆரம்பிக்காமல் அவர் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வந்ததில்லை. அதனால் ஊருக்கே அவர் சங்கதி அண்ணன்.

அந்த டாக்கீஸில் ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கிலீஷ் படம் போடுவார்கள். சங்கதி அண்ணன் திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கதை சொல்வார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தம் மூன்று: யெஸ், நோ, ஹேண்ட்ஸ் அப். அதை வைத்துக்கொண்டு ஒரு உலகப் போரையே கண்மாய்த் தண்ணீருக்காக அண்ணன் தம்பி அடித்துக்கொண்ட வழக்காக மாற்றிக் காட்டியிருக்கிறார். குதிரைப் படங்களில் நெஞ்சில் நட்சத்திரம் குத்தியவர் யார் வந்தாலும் அவர் தாசில்தார்தான். ஒருமுறை ஆபரேட்டர் ரீலை மாற்றிப் போட்டுவிட்டார். இரண்டாவது ரீலில் செத்துப்போன கதாநாயகன் மூன்றாவதில் கோழிக்கால் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சங்கதி அண்ணன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "சங்கதி என்னன்னா, இவரு அவரோட தம்பி. மூக்கப் பாத்தாலே தெரியலையா?"

நான் அப்போது அங்கே கல்லூரியில் ஆங்கில டியூட்டர். வேலைக்குச் சேர்ந்த புதிது. இங்கிலீஷ் படம் பார்ப்பதும், அவர் சொல்வதைக் கேட்டுப் பல்லைக் கடிப்பதுமாக என் ஞாயிற்றுக்கிழமைகள் போய்க்கொண்டிருந்தன.

எழுபதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படம் வந்தது. போஸ்டரில் ஒரு வெள்ளைக்காரர் உடம்போடு ஒட்டிய வெள்ளை உடுப்பும் பெரிய பெல்ட்டுமாக, ஒரு காலை மடக்கி, கையை ஓங்கி நின்றார். டாக்கீஸ் முதலாளி அதைக் கராத்தே படம் என்று நம்பிவிட்டார். குதிரை வண்டியில் மைக் கட்டி 'மயிர்க்கூச்செறியும் பயங்கரச் சண்டைகள்' என்று அறிவிப்பும் செய்தாயிற்று. பெஞ்சு டிக்கெட்டில் சிங்கம்புணரிச் சந்தை மாதிரி கூட்டம்.

படம் ஓடத் தொடங்கியதும் எனக்குப் புரிந்துவிட்டது. அவர் அமெரிக்காவின் பேர்போன பாட்டுக்காரர். ஊர் ஊராகக் கச்சேரி செய்யப் போகிறார், பின்னாலேயே காமிராவும் போகிறது. அவ்வளவுதான் படம். விமானத்தில் இறங்கினார், காரில் ஏறினார், மேடையில் பாடினார், வியர்வையைத் துடைத்தார், மறுபடி விமானத்தில் ஏறினார். கால் மணி நேரமாகியும் ஒரு குத்துக்கூட விழவில்லை.

"சண்டை எங்கடா?" என்று ஒரு குரல் கேட்டது. எங்கேயோ ஒரு நாற்காலி முறிந்தது.

முதலாளி வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். "சங்கதி, எதையாச்சும் சொல்லுப்பா. சேரெல்லாம் போன மாசந்தான் வாங்கிப் போட்டேன்."

சங்கதி அண்ணன் திரையை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"சங்கதி என்னன்னா, இந்தத் தம்பி சின்னப் புள்ளையில தேர்க் கூட்டத்துல ஆத்தாளத் தொலைச்சுட்டாரு. ஆத்தா தாலாட்டுன பாட்டு மறக்குமா? அந்தப் பாட்டக் கேட்டா ஆத்தா வந்துரும்னு ஊரு ஊராப் போயிப் பாடுறாரு."

கொட்டகை அமைதியானது.

"அதுக்கு எதுக்கு பிளேனு?" என்றார் ஒருவர்.

"மாட்டு வண்டியில போனா, இவரு போயிச் சேருறதுக்குள்ள ஆத்தா அடுத்த ஊருக்குப் போயிராதா?"

கூட்டம் அதை ஒப்புக்கொண்டது. திரையில் இளம்பெண்கள் தலையைப் பிடித்துக்கொண்டு கதறினார்கள். "இந்தப் புள்ளைகளும் மனுசப் பிறவிதான. பெத்தவ கெடைக்கலையேன்னு அழுகுதுக" என்றார். பெண்கள் பக்கத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் வந்தது சோதனை. பாட்டுக்காரர் மேடை விளிம்பில் குனிந்து, முன்வரிசைப் பெண்களுக்கு ஒவ்வொருவராக முத்தம் கொடுக்க ஆரம்பித்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதற்கு என்ன சொல்லப்போகிறார் பார்க்கலாம்.

"ஆத்தாளுக்குக் கன்னத்துல ஒரு மரு உண்டு" என்றார் சங்கதி அண்ணன். "கிட்டக்கப் போயி அடையாளம் பாக்குறாரு."

"இம்புட்டு இளசுககிட்டயா ஆத்தாளத் தேடுவாக?" என்று ஓர் ஆச்சி சந்தேகம் கேட்டார்.

"அழுது அழுது தம்பிக்குக் கண்ணு தெரியல ஆச்சி."

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன். "இதெல்லாம் பொய். அவர் பாடகர். கச்சேரிக்காக ஊர் ஊராகப் போகிறார். அம்மாவும் இல்லை, மருவும் இல்லை."

அந்த ஆச்சி திரும்பிப் பார்த்தார். "தம்பி, ஒங்களுக்கு ஆத்தா இருக்காகளா?"

"இருக்காங்க."

"அப்பப் பேசாம ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். படம் முடியும்போது பாட்டுக்காரர் காரில் ஏறிப் போய்விட்டார். அம்மாவைக் காணோம். கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. சங்கதி அண்ணன் நிதானமாகச் சொன்னார்: "கார்க் கதவு மூடுனப்ப உள்ள ஒரு கை தெரிஞ்சுச்சே, பாத்தீகளா? ஆத்தா முன்னாடியே வந்து ஏறிக்கிருச்சு."

விசில் பறந்தது. அந்தக் கையைப் பார்ப்பதற்காகவே ஜனங்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். ஒருநாள் ஓட வேண்டிய படம் பதினெட்டு நாள் ஓடியது. கோவிலூரிலிருந்து நடந்து வந்தார்கள். காளையார்கோவிலிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். நானும் மூன்றாவது தடவை பார்த்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், காருக்குள் ஒரு கை தெரிந்தது.

பதினெட்டாம் நாள் இரவு ஆட்டம். படப்பெட்டி மறுநாள் மதுரைக்குத் திரும்ப வேண்டும். கடைசி என்பதால் நிற்கக்கூட இடமில்லை. விளக்கு அணைந்தது. சங்கதி அண்ணன் வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. தினம் மூன்று ஆட்டம் கத்தியதில் தொண்டை அடியோடு போய்விட்டது. இரண்டாவது முறை முயன்றார். மூன்றாவது முறையும் முயன்றார். "என்னண்ணே, சொல்லுங்க" என்று கூட்டம் கெஞ்சியது.

இருட்டில் ஒரு கை வந்து, முன்வரிசையில் இருந்த என் மணிக்கட்டைப் பிடித்தது.

"சார்" என்றார் சங்கதி அண்ணன், மூச்சுக்காற்றால். "நீங்க சொல்லுங்க."

"எனக்கு வராதுங்க. அதுவும் இந்தக் கதையை நான் எப்படி..."

"இம்புட்டுச் சனமும் ஏமாந்து போயிரும் சார்."

பின் வரிசையில் என் மாணவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். எழுந்து நின்றேன். "சங்கதி என்னவென்றால், இவர் தம்முடைய தாயாரைத் தேடுகிறார்" என்றேன்.

"தம்பி, பாடம் நடத்தாதீக. கதை சொல்லுங்க" என்றது பெண்கள் பக்கம்.

கொஞ்சம் கொஞ்சமாக நாக்கு பழகியது. பிளேனைச் சொன்னேன், புள்ளைகளைச் சொன்னேன். முத்தக் காட்சியில் திக்கியபோது, சங்கதி அண்ணன் தன் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். மருவைச் சொன்னேன். கடைசியில் கார் வந்தது. கையைச் சொன்னேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என்ன வந்ததோ எனக்கு, அடுத்ததும் தானாக வாயில் வந்தது.

"ஆத்தா அவரு மொகத்தத் தொடச்சுவிட்டு, 'சாப்பிட்டியாப்பா'ன்னு கேட்டுச்சு."

கொட்டகையே விம்மியது. பக்கத்தில் பார்த்தேன். பதினெட்டு நாளாக அந்தக் கதையைச் சொன்ன மனிதர், அதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்பவரைப்போலத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் என் காதருகே வந்து, "சாப்பிட்டியான்னு கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்லையே சார்" என்றார். எம்.ஏ.வில் நான் வாங்கிய முதல் வகுப்பு அந்த நிமிடம் எனக்கு மறந்துவிட்டது.

அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. டிக்கெட் பார்க்கிற டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு, எனக்கு ஓரடி முன்னால் வெளிச்சம் காட்டியபடி நான் தங்கியிருந்த லாட்ஜ் வாசல்வரை வந்தார். வழியெல்லாம் தெருவிளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. நான் வேண்டாமென்று சொல்லவில்லை.