லெவல் டியூபில் ஓடிய பெற்றோல்

சரியாகக் காலை ஆறு பத்துக்கு எல்லாம் கெட்டுப்போனது. என் கணவர் தீக்குச்சியை உரசிய நேரம் அது. நியாயமாகப் பார்த்தால், நான்கு நாட்களுக்கு முன்பே என் கோபம் அதைக் கெடுத்து வைத்திருந்தது. (அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. எழுதும்போதே பேனா தாளைக் கிழிக்கிறது.)

மகள் தர்ஷினிக்குப் பதினோராம் ஆண்டு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சை. வட்டவளையிலிருந்து ஹட்டனுக்கு எங்கள் பழைய காரில் நான்தான் கூட்டிப்போக வேண்டும். வழியில் நின்றுவிடக் கூடாதே என்ற பயத்தில் பொனட்டைத் திறந்து பெற்றோல் ஹோஸை வளைத்துப் பார்த்தேன். குதிகால் போல வெடித்திருந்தது. உடனே ஹட்டனில் மெக்கானிக் செல்வம் பாஸிடம் போனேன்.

"ஹோஸ்னா வெடிப்பு இருக்கத்தான் செய்யும் மிஸ். அடுத்த கெழம பாப்போம். ஐயாவ அனுப்புங்க, அவருக்கு வெளங்கப்படுத்துறேன்."

ஐயாவா? அந்த ஐயாவுக்கு பொனட் எந்தப் பக்கம் திறக்கும் என்றே தெரியாது. விஞ்ஞானம் படிப்பிப்பவள் நான்! நேரே ஹார்ட்வெயார் கடைக்குப் போனேன். கண்ணாடி போன்ற குழாய் ஒன்று தொங்கியது. உள்ளே பெற்றோல் ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாமே! "எதுக்கு மிஸ்?" என்று கடைக்காரர் கேட்டார். காருக்கு என்றால் இவரும் ஐயாவை அனுப்பச் சொல்வார். "வீட்டு வேலைக்கு" என்றேன். மூன்றடி வாங்கி, பழையதைக் கழற்றி நானே மாட்டினேன். கார் ஓடியது. மூன்று நாட்கள் வீட்டில் என் தலைக்கனத்தைத் தாங்க முடியவில்லை.

நான்காம் நாள் விஞ்ஞானப் பாடப் பரீட்சை. குளிருக்கு எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின் இருக்கையில் தர்ஷினி.

"அம்மா, பெற்றோல் வாசம் வருது."

"பரீட்சைக்குப் போற புள்ளைக்கு மூக்கு எதுக்கு? சூத்திரத்த நெனச்சுப் பாரு!"

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, கணவர் சூடத் தட்டைக் காருக்கு முன்னால் மூன்று முறை சுற்றினார். பிறகு பக்தியோடு, மிகச் சரியாக, எஞ்சினுக்கு அடியில் வைத்தார்.

நீல நிறத்தில் ஒரு வால் எழுந்தது.

தீக்கு எரிபொருள், ஒட்சிசன், வெப்பம் மூன்றும் வேண்டும் என்று பதினெட்டு வருடமாகக் கரும்பலகையில் முக்கோணம் வரைகிறேன். பெற்றோல் தீயில் தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று பிள்ளைகளின் தொண்டை கிழியச் சொல்ல வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான் காரிலிருந்து குதித்து, "தண்ணி! தண்ணி!" என்று வாளியோடு ஓடி வந்தேன். எஞ்சினை நிறுத்தவில்லை. பிள்ளை உள்ளே இருக்கிறாள் என்றுகூடப் பார்க்கவில்லை. கணவர் "முருகா, முருகா" என்று அதே இடத்தில் நின்றார்.

"அம்மா, ஊத்தாதீங்க!"

எட்டிச் சாவியைத் திருப்பிவிட்டு இறங்கியவள், வாசலில் மழையில் ஊறிக்கிடந்த கால்மிதிச் சாக்கை இழுத்துத் தீயின்மேல் போட்டாள். அணைந்தது. என் கையில் வாளி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்கும் பேக்கரி ஆட்டோ வந்தது. மறித்து ஏற்றிவிட்டோம். பணிஸ் தட்டுகளுக்கு நடுவில், மடியில் பேனாப் பெட்டியோடு, கையில் கரியோடு போனாள். என்ன எழுதப்போகிறாளோ என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இன்றும் யாராவது தீக்குச்சி உரசினால், அவள் எங்கே என்றுதான் முதலில் தேடுகிறேன்.

மூன்று மணிக்குச் செல்வம் பாஸ் ஆடி அசைந்து வந்தார். பெற்றோலில் ஊறி வழுக்கிக் கிளிப்பிலிருந்து கழன்றிருந்த குழாயை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"மிஸ், இது கொத்தனுங்க தண்ணி மட்டம் பாக்குற லெவல் டியூப். அன்னைக்கே ஐயாவ அனுப்பியிருந்தா..."

"அந்த ஐயாதான் காருக்கு அடியில சூடம் வச்சாரு!"

என் சத்தத்தில் அடுத்த வீட்டுக் கதவுகள் திறந்தன. செல்வம் பாஸை, கடைக்காரரை, கணவரை, சூடத்தை, எல்லாவற்றுக்கும் மேலாக என்னை, ஒன்றுவிடாமல் திட்டினேன். கணவர் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார்.

அப்போதுதான் தர்ஷினி வந்தாள். "நல்லா எழுதியிருக்கேன்மா" என்றவள் என் முகத்தைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள். அன்று அவள் சொன்னதைத்தான், எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் வீட்டில் இன்றும் சொல்கிறார்கள்.

"அப்பா, தண்ணி குடுக்காதீங்க. இது பெற்றோல் தீ. அந்தச் சாக்க எடுங்க."