ஃபுல் டிக்கெட் சாரின் ரோஜாக்கள்

அன்றைக்கு தி.நகரில் எங்கள் கடை வாசலில் இருந்தவர்கள்: கடை மேனேஜர். பில் போடும் ரேவதி. ஒரு ஆட்டோக்காரர். ஆட்டோவின் பின்சீட்டில் ஏழு ரோஜாத் தொட்டிகள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நான், கடை செக்யூரிட்டி. அப்புறம் ஃபுல் டிக்கெட் சார்.

இந்த ஊரில் குறைத்த விலையை ஏற்றிக் கொடுத்து வாங்கிய ஒரே மனிதர் அவர்தான். இன்னொருவர் இருந்தால் சொல்லுங்கள். நான் வந்து பார்க்கிறேன்.

எங்கள் கடையில் அரிசி முதல் ஜட்டி வரை கிடைக்கும். பில்லிங் பக்கத்தில், சாக்லேட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவில், ரோஜாச் செடியும் கிடைக்கும். பென்சில் பருமனில் ஒரு குச்சி. அடியில் தேங்காய் நார்த்தூள் உருண்டை. சுற்றிலும் பிளாஸ்டிக் கவர். கவரின் மேல் முட்டைக்கோஸ் அளவுக்குச் சிவப்பு ரோஜா படம். விலை தொண்ணூற்றொன்பது. ஏசியில் இரண்டு மூன்று நாள் தாங்கும். அப்புறம் இலை கொட்டும். உடனே மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவோம். பாதி விலை. அதையும் யாரும் தொடமாட்டார்கள். அடுத்தது குப்பைத்தொட்டி.

ஒருநாள் மேனேஜர் கேமராவில் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். செடி ஸ்டாண்டு பக்கம் ஒரு ஆள் ஸ்டிக்கரைச் சுரண்டுகிறார், போய்ப் பிடி என்றார். ஸ்டிக்கர் திருட்டு எங்களுக்குப் புதிதில்லை. வெங்காயத்து ஸ்டிக்கரை முந்திரிப் பாக்கெட்டில் ஒட்டிக்கொண்டு வருபவர்கள் உண்டு. போய்க் கையைப் பிடித்தேன். நகத்தில் மஞ்சள் ஒட்டியிருந்தது. கையும் களவுமாக மாட்டினார்.

கையில் இருந்தது காய்ந்த குச்சி. சுரண்டிய இடத்துக்கு அடியில் பழைய விலை தெரிந்தது. அந்த விலைக்குத்தான் பில் போடச் சொல்கிறார். இப்படித் திருடினால் யாருக்கு நஷ்டம் என்று யோசித்தேன். புரியவில்லை. மேனேஜர் படித்தவர். அவருக்கும் புரியவில்லை.

“சார், இது பாதி விலைதான் சார்” என்றார் மேனேஜர்.

“உசுரு கீதா, இல்லியா?”

“கொஞ்சம் இருக்கும் சார்.”

“கொஞ்சம் இன்னா கொஞ்சம்? கீதுன்னா ஃபுல் டிக்கெட்டு. இல்லேன்னா குப்பை. பாதி உசுருன்னு ஒண்ணு எங்கப்பா கீது?”

அப்புறம்தான் விவரம் தெரிந்தது. பஸ்ஸில் டிக்கெட் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். காலமெல்லாம் அரை டிக்கெட் பிடித்தவர். மீசை அரும்பிய பையனை மடியில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை என்று சாதிப்பார்களாம். இவர் பையனை எழுப்பி, பஸ் கம்பியில் போட்ட கோட்டோடு நிறுத்திப் பார்ப்பாராம். கோட்டைத் தாண்டினால் ஃபுல் டிக்கெட். வேலை முடிந்தது. கை நிற்கவில்லை. கடையில் எல்லோரும் அவருக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டோம்.

செடியை மயிலாப்பூர் வீட்டுக்கு பஸ்ஸில்தான் கொண்டு போவார். அதற்கு லக்கேஜ் டிக்கெட் கேட்பார். கண்டக்டர் வேண்டாம் என்பார். இவர் விடமாட்டார். ஒருமுறை காலித் தொட்டிகள் தூக்க நானும் கூடப் போனேன். இவர் ஏறியதும் பாதி பஸ் சட்டைப்பையைத் தடவியது. செக்கர் முகம் மறக்காது போலிருக்கிறது. இரண்டு பேர் அடுத்த ஸ்டாப்பில் இறங்கியே போய்விட்டார்கள்.

வீட்டில் செடியின் கவரைப் பிரித்து, வேரைக் குளிக்கிற பக்கெட்டில் ஊறவைத்தார். அது ஊறி முடிக்கும்வரை யாரும் குளிக்கக்கூடாது. அவர் மனைவி எனக்குக் காபி கொடுத்தார்.

“எனக்கு ஒரு மொழம் மல்லி வாங்கித் தந்ததில்ல. இங்க ஆஸ்பத்திரி நடத்திக்கினு கீறாரு” என்றார்.

“மல்லி அறுத்த பூ. எறங்கிப் போன பாசஞ்சரு. அதுக்கு நான் இன்னா பண்றது?” என்றார் சார்.

பாதிக்கு மேல் பிழைத்தன. படத்தில் சிவப்பு, பூத்தது வெளிர் ரோஸ். ஏமாற்றிவிட்டார்கள் சார் என்றேன். “வோட்டர் ஐடி படத்துல கீறது நானா? உடுப்பா” என்றார்.

கொஞ்ச காலம் கழித்து, பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுத்த கார் என் கால்மேல் ஏறியது. எலும்பு முறிந்தது. வீடு மூன்றாவது மாடி. மாதக்கணக்கில் இறங்கவில்லை. திரும்பி வந்தபோது விந்தி விந்தி நடந்தேன். மேனேஜர் கெட்டவர் இல்லை. நாளெல்லாம் நிற்க முடியாது, அரை நாள் வாங்க அண்ணே, அரைச் சம்பளம் போட்டுக்கலாம் என்றார். ஒரு ஸ்டூல் கொடுத்தார். ரோஜா ஸ்டாண்டு பக்கத்தில் போட்டார். அரைச் சம்பளத்தில் வாடகை போகும். சோற்றுக்குப் போதாது. பெண் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். சரி என்றேன். வேறென்ன சொல்வது.

சார் வந்தார். ஸ்டூலைப் பார்த்தார். ஸ்டாண்டைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டார். சொன்னேன்.

“இன்னாப்பா, உனக்கும் மஞ்ச ஸ்டிக்கர் ஒட்டிட்டானா?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. செடி வாங்காமல் போனார். அதற்குமுன் அப்படிப் போனதில்லை.

மறுநாள்தான் அந்த ஆட்டோ.

என் ஸ்டூல் அன்றைக்கு வாசலில் கிடந்தது. சார் ஏழு தொட்டிகளையும் வாசலை அடைத்து வரிசையாக இறக்கி வைத்தார். ஏழிலும் பூ. ஏழிலும் எங்கள் கடை மஞ்சள் ஸ்டிக்கர். சுரண்டியதையெல்லாம் எங்கே சேர்த்து வைத்திருந்தாரோ. உள்ளே வரவேண்டிய ஜனம் வெளியிலேயே நின்றது. பாதி விலைக்கு இவ்வளவு பூவா என்று ஒரு அம்மா தொட்டியைத் தூக்கிவிட்டார். இன்னொருவர் அதன் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். ரோட்டில் கார்கள் ஹாரன் அடித்தன.

மேனேஜர் ஓடி வந்தார். பின்னாலேயே ரேவதி. இதெல்லாம் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார் மேனேஜர்.

“உன் கடைலதான். நீ பாதின்னு ஒட்னது” என்றார் சார். பிறகு என் பக்கம் திரும்பினார். “ஏந்திரிப்பா.”

எழுந்தேன். தோளைப் பிடித்து வாசல் நிலையோடு சேர்த்து நிறுத்தினார். ரேவதியின் கையிலிருந்த மார்க்கர் பேனாவை வாங்கி, நிலையில் ஒரு கோடு கிழித்தார். நான் குள்ளம். ஆனாலும் கோடு என் மார்புக்குத்தான் வந்தது.

“கோட்டைத் தாண்டிட்டானா?”

“சார், கஸ்டமர்லாம் நிக்கிறாங்க சார்...”

“தாண்டிட்டானா, இல்லியா?”

“தாண்டிட்டாரு சார்.”

“அப்போ இன்னா டிக்கெட்டு?”

மேனேஜர் ஹாரன் அடிக்கும் கார்களைப் பார்த்தார். ரேவதிதான் சொன்னாள். தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

“ஃபுல் டிக்கெட்டு சார்.”

அங்கே யாரும் பாடம் படித்ததாக நான் நினைக்கவில்லை. வழி அடைத்துக்கொண்டிருந்தது. தொட்டி போகவேண்டும், ஹாரன் நிற்கவேண்டும். நாளையிலிருந்து முழு நாள் வாங்க அண்ணே, ஸ்டூலும் இருக்கட்டும் என்றார் மேனேஜர். சார் உடனே தொட்டிகளை ஆட்டோவில் ஏற்றினார். ஒன்றைக்கூட விற்கவில்லை. தொட்டியை விடாத அந்த அம்மாவிடம், உள்ளே இருக்கிறது, நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள் என்றார்.

நான் நன்றி என்று சொல்லவில்லை. எனக்கு வராது. அதன்பிறகு அவர் பில்லில் முத்திரை குத்தும்போது மட்டும் கொஞ்சம் அழுத்திக் குத்துவேன். நிலையில் இருந்த கோட்டைத் துடைக்கச் சொன்னார்கள். என்னிடம்தான் சொன்னார்கள். இன்னும் துடைக்கவில்லை.

பெண் படிப்பை முடித்தாள். பெருங்குடியில் வேலைக்குப் போகிறாள்.

சார் இப்போது கடைக்கு வருவதில்லை. முட்டி தேய்ந்துவிட்டது. அவரும் மனைவியும் நங்கநல்லூரில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். தொட்டிகளும் அங்கேதான். நாளை எனக்கு லீவு. பார்க்கப் போகிறேன். வெறுங்கையோடு போகமுடியாது. ஸ்டாண்டில் ஒரு குச்சி இருந்தது. இலை இல்லை. கணுவில் கடுகளவு பச்சை. மஞ்சள் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். மேனேஜர் கேமராவில் பார்த்திருப்பார். யாரையும் அனுப்பவில்லை.

சார் முதலில் செடியைப் பார்க்கமாட்டார். பில்லைத்தான் கேட்பார். ரேவதியிடம் கொடுத்தேன். போட்டாள்.

தொண்ணூற்றொன்பது.