ஆலிவ் ஆலையில் என் முறை

எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை பிசகாமல் சொல்லிவிடுகிறேன். முதலாவது, துண்டறிக்கை எழுதியதற்காக ரயில்வே பட்டறையில் என் வேலையைப் பறித்தார்கள். இரண்டாவது, நான் கோஷம் போடச் சொல்லிக்கொடுத்த பயல்களே என்னைச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். அதுவும் நான் எழுதிய கோஷத்தைப் போட்டே. மூன்றாவது, எனக்கும் தலெந்தாவுக்கும் நடந்த திருமணம். அது அநீதி என்று அவளும் ஒப்புக்கொள்கிறாள். யாருக்கு என்பதில்தான் தகராறு. நான்காவது, எங்கள் ஊர்க் கூட்டுறவு எண்ணெய் ஆலையில் இந்த வருடம் என் முறை நாற்பத்தொன்று.

பறித்த ஆலிவ் மூட்டைக்குள் சில நாள் கிடந்தால் சூடேறிக் கெட்டுவிடும். நானோ ஊருக்கு முன்னால் பறித்துவிட்டேன். முன்னணியில் நிற்பது என் பழக்கம், ஆலையில் பெயர் பதிவதில் தவிர. பதினெட்டு மூட்டை முற்றத்தில் கிடந்தது. எல்லாம் தலெந்தாவின் அப்பா விட்டுப்போன மரங்களின் காய். இந்த உண்மையை அவள் மூன்று வேளையும் கூஸ்கூஸ் சாப்பாட்டோடு பரிமாறினாள்.

ஆலையின் எழுத்தர் அவள்தான். முறைப்பட்டியல் அவள் உண்டாக்கிய எக்செல் தாளில் இருந்தது. பெயரும் பதிந்த தேதியும் போட்டுப் பொத்தானை அழுத்தினால் மேக்ரோ என்கிற குட்டி நிரல் தானாக வரிசை போடும். ஆனால் தாளைத் திறந்தவன் எவனும் கட்டங்களில் கை வைக்கலாம். போன வருடம் மேலாளர் ஷத்லி வைத்தான். அவன் மைத்துனன் முப்பதாவது இடத்தில் படுத்து மூன்றாவது இடத்தில் எழுந்தான்.

போராடினேன். பதினொரு பக்கத் துண்டறிக்கை. தாளை ஒழி. அதைத் தனி மென்பொருளாக்கு. கட்டமே தெரியாத, பருவம் முடியும்வரை எவனும் திருத்த முடியாத மென்பொருள். பொதுக்குழு ஏற்றது. வேலை தலெந்தா தலையில் விழுந்தது.

வாழ்க்கையில் என் முதல் வெற்றி. அதன் நிழல் கொஞ்சம் என் வீட்டு மூட்டைகள் மேலும் விழுந்தால் என்ன? பூட்டும்போது தாளில் என்ன இருக்கிறதோ, அதுதானே நிலைக்கும்.

வெள்ளிக்கிழமை அவள் ஹம்மாமுக்குக் குளிக்கப் போனாள். நான் மடிக்கணினியைத் திறந்தேன். மேக்ரோவை அனுமதிக்கவா என்று கேட்டது. வேண்டாம் என்றேன். காவல்காரன் தூங்கிவிட்டான். ஓரத்தில் தலைப்புத் தெரியாத ஒல்லியான பத்தி ஒன்று. அதில் ஐந்து டிக். அந்த ஐந்து பேருக்கும் முதல் ஐந்து இடங்கள். எல்லாம் பெண்கள். ஷத்லியின் சொந்தக்காரிகள் என்று முடிவுகட்டினேன். என் பெயருக்கும் ஒரு டிக் போட்டேன். அந்த ஆறில் முதலில் பதிந்தவன் நான்தான். ஆகவே வரிசை போடும்போது முதலிடம்.

ஈரத் தலையோடு வந்தவள் மடிக்கணினியைத் தொட்டுப் பார்த்தாள்.

"சூடா இருக்கே?"

"வெயில்."

"டிசம்பர்லயா?"

"நம்ம நாடு அப்படி."

திறந்தாள். திரையையே ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஏதோ இரக்கம் மாதிரி இருந்தது. அதற்கே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"தலைவரே, இன்னிக்குப் பூட்டிடப் போறேன். அப்புறம் யாரு சொன்னாலும் திறக்க மாட்டேன். ஏதாவது திருத்தணுமா?"

"ஒரு புள்ளிகூட வேண்டாம்."

"யார் யாருக்கு டிக் இருக்குன்னு பாத்தீங்களா?"

"டிக் எல்லாம் எழுத்தர் வேலை. நான் கொள்கையைப் பாக்கறவன்."

"அப்போ அதையே எழுதிக் குடுங்க."

எழுதினேன். கையெழுத்துக்குக் கீழே 'போராளி' என்றும் போட்டேன். சுவர் வழியாகப் பக்கத்து வீட்டு ஹாஜி திஜானியைக் கூப்பிட்டாள்.

"ஹாஜி, சாட்சிக்கு ஒரு கையெழுத்துப் போடுங்க."

"எதுக்கும்மா?"

"இவர் சுயநினைவோட இருந்தார்னு."

"அது எனக்கெப்படித் தெரியும்? முப்பது வருஷமாத்தான் பழக்கம்," என்றார். ஆனாலும் போட்டார்.

மறுநாள் ஆலை முற்றத்தில் அறுபது உறுப்பினர்கள். மேசையில் மடிக்கணினி. திரையில் கட்டமில்லை, பத்தியில்லை. ஒரே ஒரு பொத்தான். நான் ஏழு நிமிடம் பேசினேன். கள்ளக் கைகளின் காலம் முடிந்தது என்றேன். கைதட்டினார்கள். ஷத்லியும் தட்டினான், அது மட்டும் உறுத்தியது.

தலெந்தா எழுந்தாள். "முதல்ல டிக் உள்ளவங்க. மூணு வருஷம் முன்னாடி தீர்மானம் போட்டோமே, கைம்பெண் வீட்டு மூட்டையத்தான் முதல்ல ஆட்டணும்னு. அந்த ஆறு பேர்."

அந்தக் கூட்டத்திலிருந்து நான் வெளிநடப்புச் செய்திருந்தேன். நாற்காலி போட்ட விதம் ஜனநாயகமாக இல்லை.

"ஆறா? நம்ம ஊர்ல அஞ்சுதானே?" என்றார் ஹாஜி.

மேசைக்கு ஓடினேன். "தலெந்தா, ஒரு சின்னத் திருத்தம்," என்றேன்.

ஷத்லி என் துண்டறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தைப் புரட்டி நிதானமாகப் படித்தான். "'எவன் கேட்டாலும், இதை எழுதியவனே காலில் விழுந்தாலும், திருத்தக் கூடாது.' நல்ல நடை, லஸ்ஹர்."

"நம்ம காய் வீட்டுலயே கெடட்டும், பரவாயில்ல. பொத்தானை மட்டும் அழுத்தாதே," என்று அவள் காதில் கெஞ்சினேன்.

"என் அப்பாவோட காய் எதுக்குக் கெடணும்?" என்றாள் அவள், அதே மெல்லிய குரலில்.

வெள்ளைப் போர்வையைத் தலைமேல் இழுத்துவிட்டாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். பொத்தானை அழுத்தி, அறுபது சாட்சிகளுக்கும் கேட்கும்படி வாசித்தாள்:

"முதல் முறை. காலஞ்சென்ற லஸ்ஹர் கஸ்மியின் கைம்பெண், தலெந்தா."