பல் டாக்டர் வீட்டில் மாட்டு வாசல்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது. உங்கள் அத்தைக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது, எனக்கு ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, ஆக மொத்தத்தில் வீட்டில் எல்லாரும் சராசரியாக நலம். நீங்களும் என் மகளும் அவ்வண்ணமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதை மின்னஞ்சலில் எழுதாமல் தபாலில் அனுப்புகிறேன். மின்னஞ்சல் என்றால் அதுவும் திறம்பட வேறு யாருக்காவது போய்ச் சேர்ந்துவிடுமோ என்று பயம்.

போன விடுமுறைக்கு வந்தபோது நீங்கள் சாப்பிட்டுத் தூங்கிவிட்டுப் போயிருந்தால் நாங்கள் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம். ஆனால் நீங்கள் என் அலுவலகத்துக்கு வந்தீர்கள். வீடு கட்டுகிறவர்கள் என் எதிரே வந்து உட்கார, நான் வரைபடத்தை மேசையில் விரித்து இது சமையலறை, இது குளியலறை என்று விரல் வைத்துக் காட்ட, அவர்கள் அதைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு போவதைப் பார்த்தீர்கள். உங்களுக்குப் பொறுக்கவில்லை. "என்ன மாமா, இன்னுமா இப்படி? எல்லாத்தையும் வெப்சைட்ல ஏத்திடலாம். நீங்க ஃபைலை இந்த ஃபோல்டர்ல போட்டா போதும், பேரைப் பார்த்து அதுவே அவங்கவங்க பக்கத்துல கொண்டுபோய் வச்சிடும்" என்றீர்கள். "அதுக்கு ஆள் அடையாளம் தெரியுமா?" என்று கேட்டேன். "உங்களைவிட நல்லாவே தெரியும் மாமா" என்றீர்கள். மாப்பிள்ளை சொல்லும்போது மறுத்துப் பேச எந்த மாமனாருக்கு வாய் வரும்?

என்னிடம் இரண்டு டாக்டர்கள் வீடு கட்ட வந்திருந்தார்கள். ஒருவர் பல் டாக்டரம்மா. அவருக்கு மாடியும் வளைவான படிக்கட்டுமாக ஒரு வீடு வரைந்திருந்தேன். இன்னொருவர் மாட்டு டாக்டர். முன்னால் மாடு பார்க்கும் கூடம், பின்னால் குடியிருக்க இரண்டு அறை, மாடு ஏறிவர ஒரு சரிவு, எட்டடி அகல வாசல், தண்ணீர்த் தொட்டி, சுவரில் கயிறு கட்ட இரும்பு வளையங்கள். இரண்டையும் பெயர் எழுதி அந்த ஃபோல்டரில் போட்டேன். உங்கள் வெப்சைட்டுக்குப் பல்லும் தெரியவில்லை, மாடும் தெரியவில்லை, 'டாக்டர் வீடு' மட்டும் தெரிந்திருக்கிறது. அவர் வீட்டை இவர் பக்கத்திலும் இவர் வீட்டை அவர் பக்கத்திலும் வைத்துவிட்டு, "வெற்றிகரமாக வெளியிடப்பட்டது" என்று பச்சை எழுத்தில் சொன்னது. நானும் பெருமையோடு டீ குடிக்கப் போனேன்.

நேற்று மாட்டு டாக்டர் போன் செய்தார். "சார், மாடியும் பால்கனியும் நல்லா இருக்கு. ஆனா அந்த வளைஞ்ச படியில மாட்டை எப்படி சார் ஏத்தறது?" என்றார். போட்டது போட்டபடி பல் டாக்டரம்மா மனைக்கு ஓடினேன். மேஸ்திரி ஜன்னல் மட்டத்துக்குச் சுவரை எழுப்பி, சுவருக்குள் வரிசையாக வளையங்களைப் பதித்து, தொட்டிக்குப் பூச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ், பல் டாக்டர் வீட்டுக்கு எதுக்குய்யா மாட்டுத் தொட்டி? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"வாய் கொப்புளிக்கத்தானேன்னு நினைச்சேங்க. இனிமே எதுக்கும் எனக்குப் போன் பண்ணாதே, எல்லாம் வெப்சைட்லயே இருக்குன்னு நீங்கதானேய்யா சொன்னீங்க!"

"அப்போ இந்த வளையம்?"

"பல்லு பிடுங்கும்போது ஆளைக் கட்டி வைக்கறதுக்கு இருக்கும்னு..."

உடனே உங்களுக்குப் போன் செய்தேன். மீட்டிங்கில் இருந்தீர்கள். இருந்தும் பெரிய மனசு பண்ணி, "அது யூசர் எரர் மாமா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். யூசர் எரர் என்றால் என்ன என்று என் மகளைக் கேட்டேன். "அது உங்களைத்தான்பா சொல்றார்" என்றாள்.

டாக்டரம்மா சில மாதங்களாக ஊரில் இல்லை. நாளைக் காலையில் மனையைப் பார்க்க வருகிறார். கட்டியதை இடித்துத் திரும்பக் கட்டித்தர வேண்டியது நான். மாட்டுக் கொட்டகை கட்டிக் கொடுத்தவன் என்று இந்த வட்டாரம் முழுக்கச் சிரிக்கப்போவது என்னைப் பார்த்து. ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் அந்த வெப்சைட்டை மூடி, பூட்டி, முடிந்தால் சாவியையும் தொலைத்துவிடவும். இனி என் வாழ்நாளில் கம்ப்யூட்டர் என்ற பேச்சை நம் குடும்பத்தில் யாரும் எடுக்க வேண்டாம்.

நீங்களும் என் மகளும் எல்லாச் செல்வமும் பெற்று, ஒருவர் ஃபைல் ஒருவருக்கு மாறாமல் நீடூழி வாழ வாழ்த்தும்,
உங்கள் மாமனார்.

பி.கு: உறையை ஒட்டுவதற்குள் டாக்டரம்மா வந்து போய்விட்டார். அவர் கணவர் கீழே விழுந்து இடுப்பெலும்பு உடைந்து சக்கர நாற்காலியில் இருக்கிறாராம். அதை அந்தம்மா போன மாதமே வெப்சைட்டில் 'கருத்துகள்' என்ற பெட்டியில் எழுதி, வீட்டை அதற்குத் தகுந்தபடி மாற்றித் தரச் சொல்லியிருந்தாராம். அப்படி ஒரு பெட்டி இருக்கிற விஷயத்தை நீங்கள் எனக்குச் சொல்லவில்லை. கூடவே வந்திருந்த அந்த மனிதர் மாடு ஏறும் சரிவில் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு ஏறி, அந்த எட்டடி வாசலில் புகுந்து, தொட்டி விளிம்பைத் தடவிப் பார்த்து, "உக்காந்தபடியே கை கழுவிக்கலாம்" என்றார். பிறகு இரண்டு வளையங்களைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். அந்தம்மா என் கையைப் பிடித்து, "எங்க மனசு தெரிஞ்சு மாத்திக் கொடுத்திருக்கீங்க சார்" என்று அழுதுவிட்டார். "என் கடமைதானேம்மா" என்று சொல்லிவைத்தேன். வெப்சைட்டை மூட வேண்டாம். முப்பது வருஷமாக மனிதர்களுக்கு வீடு வரைகிறேன். ஒருவர்கூட என் கையைப் பிடித்ததில்லை. மாட்டுக்கு வரைந்ததற்குப் பிடித்திருக்கிறார்கள்.