மைக்செட் அண்ணனுக்குக் கைதட்டக் கூடாது

அந்தமானில் ஒரே ஓர் எரிமலைதான் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பவர்கள் யாரும் ஹட் பே பஜாருக்கு வந்ததே கிடையாது. இங்கே மீன் மார்க்கெட்டுக்கு எதிரே இன்னொன்று இருக்கிறது. தகரக் கூரை போட்ட கடை, உள்ளே ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள், நடுவில் பனியனோடு உட்கார்ந்து ஒயர் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு மனிதர். பெங்காலிக்காரர்களுக்கு மைக்வாலா, எங்களுக்கு மைக்செட் அண்ணன். அவருடைய சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை. கேட்டால் அதற்கும் ஒரு சண்டை வரும்.

கல்யாணம், பூஜை, எலெக்ஷன் எதுவானாலும் அவர் மைக்செட்தான். கப்பல் நேரம் மாறினால் ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு இந்தியில் ஒரு தடவை, பெங்காலியில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை கத்திக்கொண்டு போவதும் அவர்தான். இதிலெல்லாம் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த மனிதர் கவிதையும் எழுதுவார். எழுதிவிட்டுச் சும்மா இருக்கிறாரா என்றால் அதுவும் இல்லை. மற்றவர்கள் எழுதுவதைப் படித்தும் தொலைப்பார். என் வயிற்றெரிச்சல் அங்கேதான் ஆரம்பம்.

எங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. பெயர் உப்புக்காற்றுக் கவிக்கூடம். போர்ட் பிளேர், ஹட் பே, கார் நிக்கோபார், கட்சால் என்று தீவுக்கு நாலைந்து கவிஞர்கள். பகலில் அங்கன்வாடி டீச்சராக இருக்கும் நான் அதில் அலைமகள். போர்ட் பிளேரில் ஏதோ ஆபீசிலிருந்து ரிட்டயர் ஆன ஒருவர் குழுவை நடத்துகிறார். அவரைத் தலைவர் என்றுதான் எல்லோரும் கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் மனுசன் முகம் தொங்கிப்போகும்.

குழுவின் தர்மம் ரொம்பச் சுலபம். நீ என் கவிதைக்குக் கைதட்டு, நான் உன் கவிதைக்குக் கைதட்டுகிறேன். கல்யாண வீட்டில் மொய் எழுதுவது போலத்தான். கவிதை வந்து விழுந்த அடுத்த நிமிஷம் மஞ்சள் நிறக் கைகள் வரிசையாக வந்து தட்டும். "அருமை", "மனதைத் தொட்டது", "நெகிழ்ச்சி" என்று பின்னாலேயே வரும். யார் படித்தார்கள் என்று கேட்பது நாகரிகமில்லை. மொய்க் கவரை முன்னாலேயே பிரித்துப் பார்ப்போமா?

மைக்செட் அண்ணன் பிரித்துப் பார்ப்பார். அவர் டைப் அடிக்க மாட்டார், குரலில்தான் பதில் அனுப்புவார். முதலில் "ஹலோ, செக், செக்" என்பார். பிறகு போனில் உஃப் உஃப் என்று ஊதுவார். அதற்கப்புறம் கவிஞரின் மானம் கப்பலேறும். கார் நிக்கோபாரில் க்ளார்க்காக இருக்கும் ஒரு தம்பி, பனி மூடிய மலையில் காதலியைத் தேடுவதாக எழுதியிருந்தான். பாவம், கல்யாணம் ஆகாத பையன். அண்ணன் கேட்டார்: "தம்பி, கார் நிக்கோபார்ல எங்கடா பனி? வேர்த்து ஊத்துற ஊர்ல உக்காந்துக்கிட்டு ஸ்வெட்டர் போட்ட கவிதை எதுக்கு?" அந்தத் தம்பி மூன்று மாதம் வாயே திறக்கவில்லை.

எனக்கும் வந்தது. கடலைப் பார்த்து, அலையே நீ ஏன் அழுகிறாய் என்று நான் உருகி எழுதியிருந்தேன். முப்பது பேர் கைதட்டியிருந்தார்கள். அண்ணன் ஊதிவிட்டு ஆரம்பித்தார்: "டீச்சர், அலை அழுகுதுன்னு இது ஆறாவது கவிதை. மத்லப் என்ன, அர்த்தம் என்ன? பாவம், யாராவது போய் அதுக்கு ஆறுதல் சொல்லக் கூடாதா?" இதைக் கேட்டு என் வீட்டுக்காரர் சோற்றுத் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தார். அன்றைக்கே மைக்செட் அண்ணனின் நம்பரை பிளாக் பண்ணினேன். வீட்டுக்காரரை பிளாக் பண்ண வழியில்லை.

சரி, இப்படி வெட்டிப் பேசுகிற மனிதர் தான் எழுதுவதையாவது நன்றாக எழுதுகிறாரா? அதுவும் கிடையாது. ஆம்ப்ளிஃபயர் சூடாவதைப் பற்றி அவர் எழுதிய கவிதையைப் படித்துவிட்டு எனக்குத் தலைவலி மாத்திரை தேவைப்பட்டது. மொய்க் கடன் இருக்கிறதே என்று நாங்கள் அதற்கும் கைதட்டினோம். உடனே ஒவ்வொருவருக்கும் போன் போட்டார். எந்த வரி பிடித்தது, ஏன் பிடித்தது என்று பரீட்சை. கட்சாலில் ஒரு பெரியவர் ஏதோ ஒரு வரியைக் குத்துமதிப்பாகச் சொல்லப்போக, அந்த வரி கவிதையிலேயே இல்லை. "எனக்கே தெரியும் அது பக்வாஸ், வெறும் உளறல்னு, ஏன் பொய் சொல்றீங்க?" என்று அந்தப் பெரியவரோடு சண்டை. பாராட்டினால் கோபப்படுகிற ஜென்மத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தலைவர் தலையிட்டு, கவிதையைப் பற்றி யாரும் யாருக்கும் போன் செய்யக் கூடாது என்று உத்தரவு போட்டார். அதே சூட்டில் இன்னொரு உத்தரவும் போட்டார். குழுவில் கவிதை தவிர வேறெதுவும் வரக் கூடாது. காலை வணக்கம், பிறந்தநாள் வாழ்த்து, மீன் விலை எல்லாம் போச்சு. அண்ணன் அவ்வப்போது போடும் கப்பல் நேரமும் போச்சு. போட்ட மறுநிமிஷம் தலைவர் அழித்துவிடுவார். தீவில் இருப்பவனுக்குக் கப்பல் நேரத்தை விடப் பெரிய கவிதை எது என்று அண்ணன் ஒரு நாள் கத்தினார். அதையும் தலைவர் அழித்தார்.

இந்த லட்சணத்தில்தான் குழுவின் முதல் நேரடிக் கூட்டம் போர்ட் பிளேரில் வைக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு மண்டபத்தில், மேடை போட்டு, மைக் வைத்து. வாசிக்கிறவர்கள் பட்டியலில் என் பெயரும் இருந்தது, அண்ணன் பெயர் இல்லை.

நான் கட்சாலில் பிறந்தவள். எங்கள் ஆட்கள் சிலோன் மலைத் தோட்டத்திலிருந்து வந்து அங்கே ரப்பர் பால் வெட்டியவர்கள். அம்மாவும் பால் வெட்டியவள்தான். சுனாமி அலை வந்த அன்றைக்குக் கரைப்பக்கம் போன அம்மா திரும்பி வரவில்லை. இத்தனை வருஷத்தில் கடலைப் பற்றி நூறு எழுதியிருக்கிறேன், அம்மாவைப் பற்றி ஒரு வரி எழுத வரவில்லை. போன மழைக்காலத்தில்தான் வந்தது. அதை நான் குழுவில் போடவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் கை வந்து தட்டுவதை என்னால் தாங்க முடியாது. நாலு பேர் எதிரில் உட்கார்ந்து காதால் கேட்க வேண்டும், அதற்காகத்தான் போர்ட் பிளேர் போகத் துடித்தேன்.

சனிக்கிழமை பகல் ஒரு மணிக்குக் கப்பல். பட்டுப்புடவையை மடித்து வைத்து, பிள்ளைகளுக்குச் சமைத்து வைத்து, நான் குடியிருக்கும் பதினாறாம் கிலோமீட்டரிலிருந்து பஸ் பிடித்து ஜெட்டிக்கு வந்தால், கடல் இருக்கிறது, கப்பலைக் காணோம். விடிகாலையிலேயே போய்விட்டதாம். காற்று மோசமாகப் போகிறது என்று நேரத்தை முன்னால் தள்ளிவிட்டார்களாம். அடுத்த கப்பல் திங்கட்கிழமை. ஜெட்டியில் நின்றிருந்த ஒருவர், "மைக்வாலா நே போலா தா", மைக்காரர்தான் சொன்னாரே, என்று என்னையே குற்றம் சொன்னார். பஜாரில் கத்தினால் பதினாறாம் கிலோமீட்டருக்கு எப்படிக் கேட்கும்?

பையைத் தூக்கிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் போவது தெரியுமே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று வாசலில் நின்றே கேட்டேன். அண்ணன் ஒயரைக் கீழே போடாமல் சொன்னார்:

"சொன்னேனே. குரூப்ல போட்டேன். நீங்க கைதட்டியிருக்கீங்க டீச்சர்."

போனை நீட்டினார். முந்தின நாள் அவர் போட்டது அப்படியே இருந்தது.

பகல் ஒரு மணிக் கப்பல்
இனி பகல் ஒரு மணிக் கப்பல் இல்லை.
நாளை விடியுமுன்னே
கரையை விட்டுப் போகிறது.
காற்று சரியில்லை.
சாமான் உள்ளவர்கள்
சீக்கிரம் வரவும்.

சாதாரணமாகப் போட்டால் தலைவர் அழித்துவிடுவார் என்று வரி வரியாக உடைத்துப் போட்டிருக்கிறார். தலைவர் அழிக்கவில்லை. "காற்று சரியில்லை! நாட்டு நடப்பை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?" என்று பாராட்டியிருந்தார். கார் நிக்கோபார் தம்பி, வாழ்க்கை என்னும் கப்பல் என்று ஏதோ உளறியிருந்தான். அவர்களுக்குக் கீழே அலைமகள், நானேதான். பிரிவின் வலி நெஞ்சைப் பிழிகிறது அண்ணா. இரண்டு கைதட்டல், ஒரு ரோஜாப்பூ.

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசுகிறோம் என்றே தெரியவில்லை. "கவிதையாப் போட்டா யாருண்ணே படிப்பா?" என்று கத்தினேன். மீன் மார்க்கெட்டில் கத்தி வெட்டுகிற சத்தம் நின்றது.

அண்ணன் சிரித்திருந்தால் அந்த ஸ்பீக்கரில் ஒன்றைத் தூக்கி அவர் தலையில் போட்டிருப்பேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்கும் முகம் சிவந்துவிட்டது. "அதைத்தானே டீச்சர் நான் ரெண்டு வருசமா கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார்.

போன் பண்ணியிருக்கலாமே என்றேன். பண்ணினாராம், நாலு தடவை. என் பிளாக் நன்றாக வேலை செய்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்கு மேல் திட்ட ஆள் கிடைக்காமல் நான் அந்த ஸ்பீக்கர் பெட்டி மேலேயே உட்கார்ந்து அழுதேன். அம்மாவைப் பற்றிச் சொன்னேன். கவிதையைப் பற்றியும் சொன்னேன். ஆறுதலாக ஒரு வார்த்தை வரவேண்டுமே? வராது. ஹட் பேக்காரிக்குக் கப்பல் நேரத்தை இரண்டு தடவை விசாரிக்கத் தெரியாதா என்று கேட்டார். கொஞ்ச நேரம் ஒயரைச் சுற்றினார். பிறகு, அந்த மண்டபத்தில் மைக் கட்டுகிறவர் தனக்குத் தெரிந்தவர்தான் என்றும், போனிலேயே வாசித்துவிடலாம் என்றும், காலையில் கடைக்கு வந்து சேரும்படியும் சொன்னார். சேரும்படி என்பது என் மரியாதைக்காக நான் எழுதுவது. அவர் சொன்னது, "லேட்டா வந்தா அந்தக் கப்பலும் போயிரும்."

ஞாயிற்றுக்கிழமை பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு மைக்செட் கடைக்குப் போனேன். அண்ணன் சட்டை போட்டிருந்தார், அதுவே ஓர் அதிசயம். ஃபேனை நிறுத்தினார். எதிரே மீன் விற்கிறவர்களிடம் போய், டீச்சர் படிக்கப் போறாங்க, கொஞ்ச நேரம் யாரும் வெட்டாதீங்க என்று இந்தியில் சண்டை போட்டுவிட்டு வந்தார். மண்டபத்துக்குப் போன் போட்டு, ஹலோ, செக், செக் என்றார். அங்கே அவருடைய சிநேகிதர் போனை மைக்கில் பிடித்திருந்தார். இங்கே அண்ணன் போனை என் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் தலைவர் என்னைப் பற்றி ஏதோ நீளமாகச் சொல்லி முடித்தார். நான் ஆரம்பித்தேன்.

பால் வடிந்த விரல்களால்
சோறு பிசைந்தாள் அம்மா.
சோற்றில் ரப்பர் மணக்கும்.

அப்புறம் கண்ணைத் தாளிலிருந்து எடுக்கவே இல்லை. தோட்டத்து லயத்து வீட்டு வாசலை வாசித்தேன், அம்மாவின் கத்தியை வாசித்தேன், அந்தக் காலையை வாசித்தேன். அந்த இடத்தில் என் குரல் உடைந்தது. நிறுத்திவிட்டேன். அண்ணன் போனை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்து பிடித்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தையும் வாசித்து முடித்தேன்.

மண்டபத்திலிருந்து சத்தமே வரவில்லை. என் கைப்பைக்குள் என் போன்தான் டிங் டிங் என்று அடித்துக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தால் குழுவில் மஞ்சள் கைகள் கொட்டிக் கிடந்தன. அலைமகளின் குரலில் மண்டபமே உறைந்தது என்று ஒருவர். முடிவு நெஞ்சை உலுக்கியது என்று தலைவர். ஆனால் முதல் கைதட்டல் வந்த நேரத்தைப் பார்த்தால், அப்போது நான் பாதி கூட வாசித்திருக்க முடியாது.

நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தேன். போன் இன்னும் அவர் கையில் என் பக்கமாக நீண்டிருந்தது. வாங்கித் திருப்பினேன். லைன் இல்லை.

"எப்பண்ணே கட் ஆச்சு?"

"சோத்துல ரப்பர் மணக்கும்னீங்களே, அப்பவே."

அவர்கள் கேட்டது மூன்றே மூன்று வரி. சத்தம் நின்றதும் கவிதை முடிந்துவிட்டது என்று கைதட்டியிருக்கிறார்கள் பாவிகள். அம்மா இன்னும் வீட்டை விட்டுக் கிளம்பவே இல்லை, அதற்குள் முடிவு உலுக்கிவிட்டதாம். தலைவரையும் அந்த மண்டபத்தையும் இந்தத் தீவின் டவர்களையும் சேர்த்து எரித்துவிடலாம் போலிருந்தது. எல்லாக் கோபமும் திரும்பி, எதிரே உட்கார்ந்திருந்தவர் மேல்தான் பாய்ந்தது.

"கட் ஆனது தெரிஞ்சும் ஏண்ணே சொல்லல? யாருமே இல்லாத போன்ல என்னை இவ்வளவு நேரம் வாசிக்க விட்டீங்களே."

"யாருமே இல்லையா?" அண்ணனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நீங்க வாசிச்சுக்கிட்டு இருந்தீங்க. நான் கேட்டுக்கிட்டு இருந்தேன்ல?"

அவர் போனைக் கீழே வைத்தார். கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது, வேர்வையாகவும் இருக்கலாம், ஃபேன் ஓடவில்லை.

"நடுவுல ரெண்டு வரி பக்வாஸ்" என்றார். "மொதல்ல இருந்து வாசிங்க. இப்ப லைன் கிடையாது, அவசரமில்ல."

வாசித்தேன். மீன்காரர்களும் இன்னும் வெட்டாமல்தான் இருந்தார்கள். அவர் சொன்ன அந்த இரண்டு வரியை நான் இன்றைக்கு வரைக்கும் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன், பஜாருக்குப் போகும்போதெல்லாம் அதற்காக நடுரோட்டில் நிறுத்திச் சண்டை போடுகிறார். கட்டையில போற மனுசன், நூறு வயசுக்கு நல்லா இருக்கணும்.