எதிர்வீட்டுத் துடைப்பம்

"என்னங்க, கொஞ்சம் இங்க வந்து பாருங்களேன்!"

மனைவி இப்படிக் கூப்பிட்டாலே கண்ணாடிக் கடைக்காரருக்கு எரிச்சல் வரும். வாசலுக்குப் போனார். நேற்றைப் போலவே இன்றும் எதிர்வீட்டுக்காரர் மாடிப்படியைப் பெருக்கிக்கொண்டிருந்தார். யார் கடந்துபோனாலும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். அடக்கமாம்!

"எல்லாருக்கும் பொதுவான படி. அவர் பாட்டுக்குப் பெருக்குறார். நீங்களும்தான் இருக்கீங்களே, சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தாம!"

கல்யாணமான நாளிலிருந்து அவள் இவரை ஒருமுறைகூடப் பாராட்டியதில்லை. அவள் வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தார்.

மறுநாள் எதிர்வீட்டுக் கதவு திறக்குமுன்பே மேல்மாடியிலிருந்து பெருக்கிக்கொண்டு இறங்கினார். மொத்தத் தூசியும் எதிர்வீட்டு வாசலில் போய்ச் சேர்ந்தது.

"ஐயோ பாவம், அவருக்கு வேலை கூடிப்போச்சு" என்றாள் மனைவி.

சரி, கழுவியே விடுவோம் என்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். அது கீழ்த்தளத்துத் தையல்காரம்மாவின் வீட்டுக்குள் புகுந்து, தைத்து அடுக்கியிருந்த பள்ளிச் சீருடைகளை நனைத்தது. அந்த அம்மா போட்ட கூச்சலில் கட்டடமே கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரர்தான் ஓடிவந்து துணிகளைப் பிழிந்து உலர்த்தினார்.

"மனுஷன்னா இவர் மனுஷன்!" என்றாள் மனைவி.

கடைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே போய் எதிர்வீட்டுக்காரரின் துடைப்பத்தைப் பிடுங்கினார்.

"சார், இனிமே இந்தப் படி என் பொறுப்பு. நீங்க தொடவே கூடாது!"

"நிஜமாவா சார்?" எதிர்வீட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க நல்லா இருக்கணும் சார்!"

பேர் பறிபோகிற வருத்தம், அழட்டும் என்று கடைக்காரர் பெருக்கத் தொடங்கினார். படியில் இறங்கியவர்கள் நின்று நின்று பார்த்தார்கள்.

"இவரா? பார்த்தா அப்படித் தெரியலையே!" என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

கடைக்காரருக்கு உச்சி குளிர்ந்தது. மனைவி வாசலுக்கு வந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "இப்பச் சொல்லு!" என்றார்.

அவள் வாயைத் திறக்குமுன், தையல்காரம்மா மூச்சு வாங்க மேலேறி வந்தாள்.

"மொட்டைமாடியிலேர்ந்து குப்பையைத் தெருவுல வீசினதுக்கு, எதிர்வீட்டு சாருக்குக் குடியிருப்போர் சங்கத்துல போட்ட தண்டனை இது. நீங்க எதை வீசி மாட்டினீங்க, சார்?"